தாளம் யார் கையில்? கல்முனைக் கரையோரக் கூட்டுத் தாளக் கலைகளும் இலத்திரனியல் ஒலியும்

1. சிக்கல்

கூட்டாக அடித்து, கூட்டாக நடந்து, கூட்டாகப் பாடும் கலைகளைப் போட்டிக்கு விடும்போது ஒலிபெருக்கிக்கும் இலத்திரனியல் கருவிக்கும் எவ்வளவு இடம் கொடுப்பது? மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரையான அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இந்தக் கேள்வி மூன்று களங்களில் எழுகிறது: பாடசாலை மைதானத்தில் அணிநடைக்கு முன்செல்லும் பாண்ட் வாத்தியக் குழு, விழா மேடையில் ஆடப்படும் பொல்லடி, பாவாமார் எனப்படும் பக்கீர்கள் அடிக்கும் றபான் என்ற தோற்கருவி. மூன்றிலும் விவாதம் மரபு ஒரு பக்கம், புதுமை மறுபக்கம் என்று பிரிந்து, அங்கேயே நின்றுவிடுவதுண்டு. மின்சாரம் பயன்பட்டதா என்பதை வைத்து இதைத் தீர்க்க முடியாது என்பது இக்கட்டுரையின் வாதம். காலப்பிரமாணம் யார் கையில் இருக்கிறது, யாருடைய ஒலி மறைக்கப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளே விதி வகுக்க உதவும்.

2. அமெரிக்க முன்னுதாரணம்

இந்த வழக்கு மிக விரிவாக நடந்த இடம் ஐக்கிய அமெரிக்காவின் ட்ரம் கோர் அரங்கு. முதலாம் உலகப்போரின் பின் முன்னாள் படைவீரர் சங்கங்களின் ஆதரவில் வளர்ந்த இந்தப் பித்தளை, முரசு அணிகளுக்கு ‘ட்ரம் கோர்ஸ் இன்டர்நெஷனல்’ அமைப்பு 1972இல் தன் முதலாவது சாம்பியன் போட்டியை நடத்தியது. ஜி சுருதிப் பியூகிள்தான் வேண்டும் என்ற கட்டுப்பாடு 2000இல் தளர்ந்தது. 2004இல் களத்தின் முன்வரிசைக் கருவிகளுக்கு ஒலிபெருக்கம் அனுமதிக்கப்பட்டது. 2009இல் சிந்தசைசர் உள்ளிட்ட இலத்திரனியல் கருவிகள் வந்தன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கலை செத்தது என்றவர்களும் பிழைத்தது என்றவர்களும் இருந்தார்கள்.

ஆனால் 2004இன் மாற்றமும் 2009இன் மாற்றமும் ஒரே வகையானவை அல்ல. திறந்த மைதானத்தில் மரிம்பாவின் மென்மையான மர ஒலி பார்வையாளர் வரிசையை எட்டாது. அதனால் வாசிப்பவர்கள் கடினமான தலையுள்ள கோல்களால் ஓங்கி அடிக்க வேண்டியிருந்தது. கருவியின் இயல்பான தொனி கெட்டது. ஒலிவாங்கி வந்தபின் மெதுவாகவும் நுட்பமாகவும் வாசிக்க முடிந்தது. இங்கே மின்சாரம் வாசிப்பவரின் கைக்குத் துணை நின்றது. சிந்தசைசரின் தாழ்சுருதி முழக்கமோ டியூபா வரிசையின் ஒலிமேல் படிந்து அதை மூடுகிறது என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. பல இளைஞர்கள் மூச்சை ஊதி உண்டாக்கும் அடித்தளத்தை ஒருவரின் விரல் ஈடுசெய்தால், நடுவர் எதற்குப் புள்ளி இடுகிறார்? முதலாவது மாற்றம் இருந்த திறமையைக் கேட்கச் செய்தது. இரண்டாவது, திறமை இருந்ததா என்பதையே ஐயத்துக்கு உள்ளாக்கியது.

3. பொல்லடி: வேகத்தின் உரிமை

பொல்லடியில் ஆடுபவரே வாத்தியமும் ஆவார். வட்டமாக நின்று, கையிலுள்ள பொல்லைத் தம் பொல்லோடும் அடுத்தவர் பொல்லோடும் அடித்து, குழுவை நடத்தும் அண்ணாவியார் சொல்லும் பாட்டை ஏற்றுப் பாடி ஆடுகிறார்கள். ஆட்டம் மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும். எப்போது, எவ்வளவு வேகமெடுப்பது என்பதை அண்ணாவியார் ஆட்டக்காரரின் மூச்சையும் காலையும் பார்த்தே தீர்மானிக்கிறார். ஆட்டத்தின் உயிர்நிலை இந்தத் தீர்மானம்தான்.

கலியாண வீட்டு முற்றத்தில் இதற்கு எந்த உதவியும் தேவைப்படவில்லை. வட்டம் சிறியது, பார்ப்பவர்கள் சுற்றிலும் நின்றார்கள். மேடைக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. பார்வையாளர் ஒரு பக்கத்தில் மட்டும், தூரத்தில் இருக்கிறார்கள். கடற்காற்றும் மின்பிறப்பாக்கியின் இரைச்சலும் பாட்டைத் தின்கின்றன. அண்ணாவியாருக்கு ஓர் ஒலிவாங்கி கொடுப்பது நியாயமே. ஆனால் குரல் மட்டும் பெருகியதும் பொல்லின் ஒலி சிறுத்துப்போகிறது. அந்தக் குறையை நிரப்பக் கீபோட்டில் ஏற்கனவே பதிந்த தாளத்தை ஓடவிடும் ஆசை வருகிறது. தவறு தொடங்கும் இடம் இது. பதிந்த தாளம் யாருடைய மூச்சையும் பார்க்காது. அண்ணாவியார் வேகத்தைக் கூட்டுபவராக இல்லாமல் வேகத்துக்குப் பின்னால் ஓடுபவராகிறார். பிந்தி விழுந்த அடியையும் அது மூடிவிடுவதால், தேர்ந்த குழுவுக்கும் தேராத குழுவுக்கும் இடையிலான வித்தியாசம் நடுவரின் காதுக்கு எட்டாமல் போகிறது.

4. மைதானமும் ஒலியின் வேகமும்

பாடசாலை மைதானத்தில் சிக்கல் வேறு. 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் செல்லும். நிமிடத்துக்கு 120 அடி என்ற நடையில் ஓர் அடிக்கு அரைச் செக்கன். பாண்ட் குழுவிலிருந்து 100 மீற்றர் தள்ளி நடக்கும் அணிக்குப் பெரிய முரசின் ஒலி ஏறத்தாழ 0.29 செக்கன் பிந்தியே எட்டும். அது அரை அடிக்கும் அதிகம். இல்ல விளையாட்டுப் போட்டியில் கடைசி அணியின் கால் பிசகினால் பழியைப் பிள்ளைகள் மேல் மட்டும் போட முடியாது.

அந்த அணிக்கு அருகே ஓர் ஒலிபெருக்கி வைத்தால் தாளம் உடனே கேட்கும். ஆனால் பின்னாலேயே இயற்கையான முரசொலியும் வந்து சேரும். ஒரு காலுக்கு இரண்டு கட்டளை. ஆகவே மைதானத்தில் ஒலிபெருக்கம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. பெட்டி எங்கே நிற்கிறது, யாரை நோக்கி நிற்கிறது என்பதே முக்கியம். பாண்ட் குழுவின் அருகிலேயே பெட்டிகளை வைத்துப் பார்வையாளரை நோக்கித் திருப்பினால் நடப்பவர்களுக்குக் குழப்பம் குறையும். தாளமும் வாசிப்பவர் கையிலேயே இருக்கும்.

5. றபானும் எட்டும் தூரமும்

றிபாயி சூபி வழிப் பாவாமார் றாத்தீப் என்ற கூட்டு வழிபாட்டிலும், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீத் வலியுல்லாஹ்வின் நினைவாக நடக்கும் கொடியேற்ற விழாவிலும் றபான் அடிக்கிறார்கள். நோன்புக் காலச் சஹர் வேளையில் தெருத்தெருவாக றபான் தட்டி ஊரை எழுப்பும் வழக்கமும் அவர்களுடையது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி வந்தபின் அந்த வேலையின் பெரும்பகுதி அதன் வசமானது.

இந்த இடத்தில் தாளத்தின் உரிமையோடு ஒலி எட்டும் தூரமும் கேள்வியாகிறது. றபானின் ஒலி ஒரு மனிதன் நடந்து போகும் தெருவோடு முடியும். அடிப்பவருக்கு அந்த வீடுகளைத் தெரியும். ஒலிபெருக்கிக்கு அந்த எல்லை இல்லை. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்தியது. கை தானாக வைத்திருந்த எல்லையைச் சட்டம் வெளியிலிருந்து வைக்க வேண்டியதாயிற்று. விழாப் போட்டிகளுக்கும் இது பொருந்தும்: பெருக்கப்பட்ட ஒலி அரங்கின் எல்லையைத் தாண்ட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

6. மறுப்புகள்

எல்லாக் கருவியும் ஒரு காலத்தில் புதியதுதானே என்பது முதல் மறுப்பு. உண்மை. வாடைக்காற்று மழைக்காலத்தில் தோல் தளர்ந்துபோகும் றபானை நெருப்பில் காட்டி இறுக்கியே அடிப்பார்கள். பாண்ட் முரசுகளோ 1957இல் சந்தைக்கு வந்த செயற்கைத் தோலுக்கு மாறிவிட்டன. அந்த மாற்றம் அடிப்பவரின் நேரத்தையோ திறமையையோ பறிக்கவில்லை; ஆகவே அது கலையைக் கெடுத்தது என்று சொல்ல இடமில்லை. நாம் முன்வைக்கும் அளவுகோல் புதுமைக்கு எதிரானதல்ல என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஆள் பற்றாத சிறிய பாடசாலை கீபோட்டைக் கொண்டு குறையை நிரப்பினால் என்ன? ஆனால் இந்த வழியில் சிறிய பாடசாலை வெல்வதில்லை. நல்ல பெட்டியும் கலவைக் கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் வசதியுள்ள இடத்துக்கே முதலில் போவார்கள். ஆள் குறைந்த குழுக்களுக்கு அளவு வாரியாகத் தனிப் பிரிவு வைப்பதே நேரான தீர்வு.

7. முடிவு

இந்த வாதத்திலிருந்து போட்டி ஏற்பாட்டாளர்கள் நான்கு விதிகளைப் பெறலாம். ஒன்று, குரலுக்கும் மென்மையான கருவிக்கும் ஒலிபெருக்கம் அனுமதிக்கப்படட்டும். பெட்டிகளை எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக ஏற்பாட்டாளரே கொடுக்கட்டும். இரண்டு, பதிந்த தாளமும் தானியங்கித் தாளமும் எந்தப் பிரிவிலும் கூடாது. மூன்று, இலத்திரனியல் கருவி குழுவில் ஏற்கனவே உள்ளவர்களின் ஒலியை இரட்டிக்கக் கூடாது. அதற்கெனத் தனிப் பாகம் இருந்தால், அதை ஓர் உறுப்பினர் மேடையிலேயே வாசிக்கட்டும். நான்கு, நடுவர்களில் ஒருவர் பெட்டிகளுக்கு முன்னால் அமராமல் குழுவின் அருகே நின்று பெருக்காத ஒலியைக் கேட்டுப் புள்ளியிடட்டும். நான்காவது விதிக்குச் செலவே இல்லை. வரும் விழாவிலேயே அதைத் தொடங்கலாம். மற்ற மூன்றும் எவ்வளவு அவசியம் என்பதை அந்த நடுவரின் புள்ளித்தாளே காட்டிவிடும்.