நெடுந்தீவுக் குதிரைகள்: மந்தையில் புதுக்குதிரை சேர்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே, பாக்கு நீரிணையில் கிடக்கும் நெடுந்தீவில் மட்டக்குதிரைகள் கட்டுக்கயிறு இல்லாமல் திரிகின்றன. குறிகட்டுவானில் படகேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். இவற்றைக் காட்டுக்குதிரை என்று எழுதுவோர் உண்டு, அது சரியல்ல. மனிதர் வளர்த்து, பிறகு விட்டுவிட்ட குதிரைகளின் வழிவந்தவை இவை. ஒரு மந்தைக்குள் வெளிக்குதிரை எப்படி இடம் பிடிக்கிறது என்பதை வேலியோ வளர்ப்பவரோ குறுக்கிடாமல் பார்க்க நெடுந்தீவு நல்ல இடம்.

தீவுப்பகுதிக்குக் குதிரை வந்தது கடல்வழியாகத்தான். நயினாதீவில் உள்ள, மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மிகுதி உடையவனுக்கு என்கிறது. மற்றச் சரக்கு என்றால் சரிபாதி போய்விடும். குதிரை வணிகன் மனம்விட்டுப் போய்விடக் கூடாது என்ற கவலை இந்தக் கணக்கில் தெரிகிறது. இன்றைய மந்தையின் மூலத்தைச் சிலர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயரிடமும், சிலர் 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரிடமும் கொண்டுபோய் வைப்பர். ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், லெப்டினன்ட் நோலன் என்ற அதிகாரி இங்கே இருந்தார். குதிரை வளர்ப்போடு சேர்த்தே அவர் பெயர் பேசப்படுகிறது. ஊரவர் குதிரை லாயம் என்று காட்டும் இடத்தில் இப்போது கல் தூண்கள்தான் வரிசையாக நிற்கின்றன. லாயம் பாழாகிப் போனது. குதிரைகள் வெளியே தங்கிவிட்டன.

தானாகத் திரியும் மந்தை என்பது ஒரே திரள் அல்ல. ஓர் ஆண்குதிரை, சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள் என்று சிறு சிறு கூட்டங்களாகவே அது பிரிந்திருக்கும். பெட்டை இல்லாத இளம் ஆண்கள் தனிக் கூட்டமாக அலையும். பெட்டைக்குட்டி இரண்டு மூன்று வயதில் பிறந்த கூட்டத்தை விட்டு வேறொன்றில் சேர்வது வழக்கம்; நெருங்கிய உறவுக்குள் இனம் பெருகாமல் இருக்க இயற்கை செய்துகொண்ட ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். புதிதாக வரும் பெட்டையை ஆண்குதிரை தலையை நிலத்தளவு தாழ்த்தி, கழுத்தை நீட்டி, பாம்பு நெளிவதுபோல் அசைத்துக் கூட்டத்துக்குள் ஓட்டிச் சேர்க்கும். ஆனால் அதன் சம்மதம் மட்டும் போதாது. பழைய பெட்டைகள் மூக்கோடு மூக்கு வைத்து மோந்து, கீச்சென்று கத்தி, முன்காலால் நிலத்தை அறையும். காது பின்னுக்கு மடிந்தால் அடுத்தது கடி, அல்லது பின்காலால் உதை. பார்ப்பவருக்குச் சண்டை என்றே தோன்றும். பெரும்பாலும் அது வரிசை தீர்க்கும் பேச்சுத்தான். சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் ஒன்றின் பிடரியை மற்றொன்று பல்லால் கொறித்துச் சொறிந்துவிடத் தொடங்கினால், புதுசு பழகிவிட்டது என்று அர்த்தம்.

சோளகக் காற்று அடிக்கும் கோடையில் இந்த வரிசை தண்ணீர்த் தொட்டியடியில் பச்சையாகத் தெரியும். மூத்த பெட்டை வாயை வைத்தால் மற்றவை விலகும். கடைசியாகச் சேர்ந்தது பத்தடி தள்ளி நின்று, காதை மட்டும் முன்னுக்கு நீட்டிக் காத்திருக்கும். தொட்டி சிறிதென்றால் அதன் முறை வருமுன் தண்ணீர் முடிந்துவிடும். வறட்சி கடுமையான ஆண்டுகளில் இங்கே குதிரைகள் செத்ததும் உண்டு.

புதுக்குதிரையை மந்தையில் சேர்க்கும்போது, லாயத்தில் வளர்ப்பவர் செய்வதும் இந்தப் பழக்கத்தையே நிதானமாகச் செய்வதுதான். வெளியூர்க் குதிரையை முதலில் மூன்று வாரமாவது தனியே கட்டுவர். தாடைக்கடியில் சீழ்க்கட்டி வைக்கும் ஸ்ட்ராங்கிள்ஸ் தொற்று இருந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு உறுதியான வேலிக்கு இரு பக்கமும் விட்டு மோந்து பழக்குவர். மந்தையில் சாதுவான ஒன்றை முதல் துணையாகக் கொடுப்பர். பின்கால் லாடத்தைக் கழற்றிவிடுவது நல்லது. மூலை முடுக்கில்லாத விசாலமான இடம் வேண்டும்; உதை வாங்குவது பெரும்பாலும் ஓட வழியில்லாத குதிரைதான். தீனியைக் குதிரைகளின் எண்ணிக்கையைவிட ஒரு குவியல் கூடுதலாக, எட்ட எட்ட வைக்க வேண்டும்.

நெடுந்தீவில் புதுக்குதிரை என்றால் அடுத்த கூட்டத்துக் குதிரை. கடலுக்கு அப்பாலிருந்து வருவதல்ல. இப்படி மூடிக் கிடக்கும் மந்தையில் காலப்போக்கில் இரத்த உறவு நெருங்கிக்கொண்டே போகும். அமெரிக்காவின் அசட்டீக் தீவு மந்தையில் இதற்காகவே 1939இல் மஸ்டாங் குதிரைகள் 20 கொண்டுவந்து விடப்பட்டன. வெளியிரத்தம் பலம் தரும். கூடவே நோயையும் கொண்டுவரலாம், தீவுக்கென்று படிந்த உருவத்தையும் கலைக்கலாம். இரண்டையும் நிறுத்துப் பார்த்தால், நெடுந்தீவில் இப்போதைக்கு வெளிக்குதிரையைவிடக் கூடுதல் தண்ணீர்த் தொட்டிகளே அவசரம். தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குதிரைகளைத் தீவுக்கு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது.