ஒரு சிவப்பு நூலும் ஒரு ஈரங்கொல்லியும்

உங்கள் வீட்டு கரண்ட் மீட்டரைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? மெல்லிய கம்பியில் ஒரு குட்டி வில்லை தொங்கும். அதுதான் சீல். ஒரு கத்தரிக்கோல் இருந்தால் ஒரே நொடியில் வெட்டிவிடலாம். ஆனாலும் யாரும் வெட்டுவதில்லை. ஏன்? வெட்டுவது சுலபம்; வெட்டவே இல்லை என்று மறுபடி ஆக்குவதுதான் முடியாத காரியம். அந்த அச்சு நம்மிடம் இல்லையே!

கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு வில்லை, விமானத்திலிருந்து குதிக்கிறவர்களின் முதுகிலும் உண்டு.

பாராசூட்டில் குதிப்பவர் சுமப்பது ஒன்றல்ல, இரண்டு. முதலாவது பிரதான பாராசூட். அதை அவரே மடித்து வைத்துக்கொள்ளலாம். அது விரியாமல் காலை வாரினால், ‘ரிசர்வ்’ என்கிற மாற்று பாராசூட். இதில் மட்டும் விளையாட்டே கிடையாது! அமெரிக்கச் சட்டப்படி, உரிமம் பெற்ற ‘ரிக்கர்’ ஒருவர்தான் அதை மடிக்க வேண்டும். மடித்து முடித்ததும், இழுவைக் கயிற்றின் ஊசியைச் சுற்றி ஒரு மெல்லிய நூலைக் கட்டுவார். பெரும்பாலும் சிவப்பு நூல். அதன் நுனிகளை ஒரு ஈய வில்லையில் செருகி, தனக்கென்று ஒதுக்கப்பட்ட அடையாள எழுத்துக்கள் பதியும்படி அழுத்துவார். கூடவே ஒரு கார்டு. அதில் மடித்த தேதி, பெயர், கையெழுத்து எல்லாம் இருக்கும்.

அந்தக் கெடு முன்பு 120 நாள். 2008-ல் அதை 180 நாளாக்கினார்கள். நாட்டுக்கு நாடு விதிகளில் சில்லறை வித்தியாசங்கள் உண்டு. ஆனால், அந்தத் தொழிலில் ஒரு மரியாதை இருக்கிறது: ஒருவர் மடித்த மூட்டைக்கு, பிரித்துப் பார்க்காமல் இன்னொருவர் தன் முத்திரையைப் போடமாட்டார். போட்டால், உள்ளே இருப்பதற்கெல்லாம் அவர்தான் பொறுப்பு!

சரி, உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்குப் போயும் போயும் ஒரு நூலா? இரும்புப் பூட்டு போடக்கூடாதா? கூடாது சார்! ஆபத்தில் அது ஒரே இழுப்பில் அறுந்தாக வேண்டும். நூலின் வேலை தடுப்பதல்ல, சாட்சி சொல்வது. ‘இன்னார் மடித்தார், அதற்குப் பிறகு யாரும் கை வைக்கவில்லை’ என்கிற சாட்சி.

கை வைத்தால் என்ன ஆகும்? 2015 ஏப்ரலில் இங்கிலாந்தில் அதுவும் நடந்தது. ராணுவத்தில் இருந்த ஒருவர் தன் மனைவியைத் தீர்த்துக்கட்ட நினைத்து, அவருடைய பிரதான பாராசூட்டின் கயிறுகளைச் சிக்கலாக்கினார். அதோடு விடவில்லை. ரிசர்வை வாரோடு பிணைக்கும் இணைப்புகளில் இரண்டைக் கழற்றியும் விட்டார். மூட்டையைப் பிரிக்காமல் இதெல்லாம் வெளியே எப்படித் தெரியும்? 4,000 அடி உயரத்திலிருந்து குதித்தார் அந்தப் பெண். இரண்டுமே கைவிட்டன. உழுது போட்டிருந்த வயலில் விழுந்ததால் பலத்த காயங்களோடு உயிர் தப்பினார். 2018-ல் கணவருக்கு ஆயுள் தண்டனை.

அசல் ஒன்று, மாற்று ஒன்று, நடுவில் நம்பிக்கை. இந்தச் சிக்கல் நம் திருச்சிக்காரர்களுக்குப் புதுசில்லை. சுமார் 650 வருஷத்துக்கு முன்னால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கத்தில் இதே மாதிரி ஒரு கேள்வி எழுந்தது.

1323. டெல்லிப் படை தெற்கே வருகிறது. கோயிலின் வரலாறு சொல்லும் ‘கோயிலொழுகு’ அந்த நாட்களை விவரிக்கிறது. படுத்திருக்கும் பெரிய பெருமாளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? சந்நிதிக்கு முன்னால் கல்சுவர் எழுப்பி மறைத்தார்கள். உற்சவர் அழகிய மணவாளரை மட்டும் எடுத்துக்கொண்டு, முதியவரான பிள்ளை லோகாசாரியர் சிலரோடு ரகசியமாகக் கிளம்பினார். மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. ஆனால், பெருமாளின் பயணம் நிற்கவில்லை. கேரளம், மேல்கோட்டை, திருப்பதி என்று நீண்டது.

கோயிலுக்கு உற்சவர் இல்லாமல் முடியுமா? ஸ்ரீரங்கத்தில் இன்னொரு திருமேனியைப் பிரதிஷ்டை செய்தார்கள். நம் பாஷையில் சொன்னால், மாற்று!

1371-ல் விஜயநகரத்தின் அதிகாரி கோபணார்யர், அழகிய மணவாளரைத் திரும்பக் கொண்டு வந்து சேர்த்தார். போய் 48 வருஷம் ஆகியிருந்தது. அப்போதுதான் குழப்பம். இவர்தான் பழைய பெருமாள் என்பதற்கு என்ன அத்தாட்சி? முத்திரை இல்லை, சீட்டு இல்லை. அன்று பார்த்தவர்களில் எத்தனை பேர் மிச்சம்?

தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள் ஒரு கிழவரை. அவர் ஒரு ஈரங்கொல்லி, அதாவது பெருமாளின் துணிகளை வெளுத்தவர். கண் தெரியாது. ஆனால், ‘திருமஞ்சனமான ஈர ஆடையின் வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன்’ என்றாராம். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடைத் தீர்த்தத்தைக் கொடுத்தார்கள். திரும்பி வந்தவருடைய தீர்த்தத்தை உட்கொண்டதுமே, ‘இவரே நம்பெருமாள்!’ என்று கூவினாராம் கிழவர். இன்றைக்கும் ஸ்ரீரங்கத்து உற்சவருக்கு அதுவே பெயர்.

கதையைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஊரில் பண்டிதர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள். கோயில் வரலாறு தீர்ப்புச் சொல்லும் உரிமையைக் கொடுத்தது அந்தத் துணியைத் தினமும் கையில் தொட்ட தொழிலாளிக்கு! ரிக்கரின் ஈய வில்லைக்குப் பின்னாலும் இருப்பது இதேதான். தொட்டுப் பார்த்த ஒரு கை. அந்தக் கைக்கு ஒரு பெயர்.

இன்னொன்று. கோபணார்யர் பெருமாளைத் திரும்ப எழுந்தருளப் பண்ணிய செய்தி, சக வருஷம் 1293 என்ற குறிப்போடு கோயில் சுவரில் கல்வெட்டாக இருக்கிறது. யார், எப்போது? ரிசர்வ் மூட்டையின் கார்டு கேட்கிற அதே இரண்டு கேள்விகளுக்குக் கல்லில் பதில்!

அந்த மாற்றுத் திருமேனி என்ன ஆனார் என்கிறீர்களா? அவரை யாரும் ஒதுக்கிவிடவில்லை. ‘திருவரங்க மாளிகையார்’ என்ற பெயரில் இன்றும் அங்கேயேதான் இருக்கிறார். உற்சவ காலத்தில் யாகசாலைக்கு எழுந்தருள்பவர் அவர்தான். அடுத்த தடவை ஸ்ரீரங்கம் போனால், நம்பெருமாளைச் சேவித்த கையோடு அவரையும் விசாரியுங்கள். அசல் ஊரில் இல்லாத காலத்தில் கோயிலைத் தாங்கியவர் அல்லவா!