வாலாஜா ஏன் திருச்சியில் இருக்கிறார்?

சேப்பாக்கம் அரண்மனை, வாலாஜா சாலை, திருவல்லிக்கேணி பெரிய மசூதி. மூணுமே ஒரே ஆளை நினைவுபடுத்துபவை: ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜா. ஆனால் 1795-ல் இறந்த அவருடைய சமாதி சென்னையில் இல்லை. திருச்சி நத்தர்வலி தர்கா வளாகத்தில் இருக்கிறது.

முகலாயர் கால சமாதி என்றாலே நமக்கு ஹுமாயூன் சமாதியும் தாஜ்மஹாலும்தான். நான்காகப் பிரித்த தோட்டம், நடுவே உயர்ந்த மேடை, மைய அறையைச் சுற்றி எட்டு அறைகள். ஹுமாயூன் சமாதியின் குவிமாடம் இரண்டு அடுக்கு: உள்ளே நிற்பவருக்கு அளவான கூரை, வெளியே தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு உயரம்.

சேப்பாக்கத்தில் 1768-லேயே அரண்மனை கட்டியவர் தனக்கு இப்படி ஒன்று கட்டிக்கொள்ளவில்லை. கடன்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். அவருடைய கடன்கள் 1785-ல் லண்டன் நாடாளுமன்றம் வரைக்கும் போய் விவாதிக்கப்பட்டவை. ஆனா அது மட்டும் போதாது. முகலாயரிடமே இன்னொரு வழக்கமும் இருந்தது: மகானின் அருகில் அடக்கமாவது. ஷாஜஹானின் மகள் ஜஹானாராவுக்கு டெல்லி நிஜாமுதீன் தர்காவில், அவுரங்கசீப்புக்கு குல்தாபாத்தில். ரெண்டுமே கூரையில்லாத, வானம் பார்த்த சமாதிகள். வாலாஜா இந்த வழியில் வருகிறார்.

சரி, மகான்கள் சென்னையிலும் உண்டே, திருச்சி எதுக்கு? எனக்குத் தோன்றும் விடை 1751-52-ல் இருக்கிறது. அப்போது முகம்மது அலியின் கையில் மிஞ்சியிருந்த பெரிய பிடி திருச்சிக் கோட்டைதான். பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிப் அதை முற்றுகையிட்டார். அந்தப் படையைப் பிரிக்கத்தான் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். 1752 ஜூனில் தோற்ற சந்தா சாகிப், தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பிச் சரணடைந்தார். தலை வெட்டப்பட்டு முகம்மது அலிக்கு அனுப்பப்பட்டது. திருச்சி கைவிட்டுப் போயிருந்தால் வாலாஜா என்ற பட்டமும் இல்லை, சேப்பாக்கமும் இல்லை.

அந்த சந்தா சாகிப்பின் சமாதியும் இதே நத்தர்வலி வளாகத்தில்தான் இருக்கிறது. 43 வருஷம் கழித்து, தலையைப் பெற்றுக்கொண்டவரும் அங்கேயே வந்து சேர்ந்தார். தனித் தோட்டம் போட்டுக் கட்டியிருந்தால் எதிரிக்கு அங்கே இடம் கிடைத்திருக்காது. தர்காவில் யார் வேண்டுமானாலும் வரலாம். திருச்சிக்குப் போனால் மலைக்கோட்டையோடு திரும்பிவிடாமல் இதையும் பாருங்கள்.