காக்கையும் துப்பாக்கியின் ஒளியும்

தமிழர் வாழ்வோடு காக்கையைப் போல் நெருங்கிப் பழகிய பறவை வேறொன்றில்லை. விருந்து வருவதை முன்கூட்டி உரைக்கும் பறவையென்று சங்ககாலத்தார் அதனைக் கருதினர். காக்கை கரைந்ததைப் பாடிய சிறப்பால் நச்செள்ளையார் என்னும் பெண்பாற் புலவர் காக்கைபாடினியார் என்றே பெயர் பெற்றார். வள்ளுவரோ, சுற்றந்தழால் அதிகாரத்தில் காக்கையின் பகிர்ந்துண்ணும் பண்பையும், காலமறிதல் அதிகாரத்தில் பகலொளியில் அது கூகையை வெல்லும் திறத்தையும் எடுத்துக் காட்டினார். இன்றும் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் அமாவாசை நாளில் வீட்டு வாயிலிலோ மதிலிலோ ஒரு பிடி சோறு வைத்துக் காக்கையை அழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல உள.

அதே கிள்ளானில் அதே காக்கை துப்பாக்கிக்கு இலக்காகவும் ஆயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஊராட்சி மன்றங்கள், உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரரைக் கொண்டு காக்கைகளைச் சுட்டு வீழ்த்தும் பணியை இந்த நூற்றாண்டிலும் நடத்தியுள்ளன. காக்கையைச் சுடப் புகுந்தவர் முதலில் அறிந்துகொள்ளும் செய்தி ஒன்றுண்டு. குறி தப்புவதற்கு முன்பே பறவை தப்பிவிடுகிறது. காரணங்களுள் ஒன்று, துப்பாக்கிக் குழலின் பளபளப்பு. அந்தப் பளபளப்பை மங்கச் செய்ய மனிதன் கண்ட வழிகளின் வரலாறும், கிள்ளான் காக்கையின் வரலாறும் ஒருங்கே வைத்து எண்ணத்தக்கவை.

காக்கை கப்பலேறிய கதை

சாம்பல் நிறக் கழுத்துடைய வீட்டுக் காக்கை மலாயாவின் பழங்குடிப் பறவையன்று. இந்நாட்டுக்குரிய காக்கை இனங்கள் வேறு. வீட்டுக் காக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தவர் காப்பித் தோட்டக்காரர்.

இலங்கையில் 1869ஆம் ஆண்டில் காப்பிச் செடியின் இலையில் துருநோய் தோன்றிற்று. அடுத்த இருபதாண்டுகளுக்குள் அந்நோய் அத்தீவின் காப்பித் தொழிலையே அழித்தது. அங்கே நிலைகுலைந்த தோட்டக்காரருள் சிலர் மலாயாவை நாடினர். 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றுப் பகுதியையும் இணைத்து இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. பாதையும் துறையும் வாய்த்த கிள்ளான் வட்டாரத்தில் லைபீரியக் காப்பி செழித்தது. தோட்டங்களில் உழைக்கத் தமிழ்த் தொழிலாளர் வந்திறங்கினர்.

செடி செழித்த இடத்தில் பூச்சியும் பெருகியது. பருந்தந்துப்பூச்சி வகையைச் சேர்ந்த ஒன்றின் பச்சைப் புழுக்கள் காப்பி இலைகளைத் தின்று கிளைகளை மொட்டையாக்கின. மருந்து தெளிக்கும் கருவிகள் பரவாத காலம் அது. எனவே புழுவைத் தின்னும் பறவையைக் கொண்டுவந்து விடுவோம் என்று தோட்டக்காரர் எண்ணினர். இலங்கையில் தாம் நாள்தோறும் கண்ட காக்கையே அவர் நினைவுக்கு வந்தது. தொழிலாளரை ஏற்றிவந்த கடல்வழியாகவே காக்கையும் கூண்டில் வந்தது.

ஆனால் காக்கை வந்த வேளையில் காப்பியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. பிரேசில் நாட்டின் மிகுவிளைச்சலால் விலை வீழ்ந்தது. தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. புழுவுக்காக வந்த காக்கைக்குப் புழுவும் இல்லை, காப்பியும் இல்லை. எனினும் அது பட்டினி கிடக்கவில்லை. துறைமுகத்தில் சிந்திய தானியமும், சந்தையில் எறிந்த மீன்கழிவும், குடியிருப்புகளின் எச்சிற் சோறும் அதற்குப் போதுமாயின. பல பத்தாண்டுகள் கிள்ளான் சுற்றுவட்டாரத்தை விட்டு அது அதிகம் அகலவில்லை. நகரங்கள் விரிந்து குப்பை பெருகியபோது, காக்கையும் கோலாலம்பூர் முதலிய ஊர்களுக்குப் பரவிற்று. ஆப்பிரிக்கக் கரையை அடுத்த சான்சிபார் தீவிலும் இதே கதை நிகழ்ந்தது. 1890களில் குப்பையைத் தூய்மை செய்யவென்று அங்கு கொண்டுசென்ற காக்கை, பின்னர்ச் சிறு பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் சூறையாடும் பகையாயிற்று. அழைத்தவர் மனிதர், பழி சுமப்பது பறவை.

ஒளிவிடும் குழல்

துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழிச் சொல் ஒன்றின் வழிவந்தது என்பர் மொழியறிஞர். பறவை வேட்டைக்குரியது ரவைத் துப்பாக்கி. ஒரே குண்டை எய்யாமல், சிறு ரவைகள் பலவற்றைக் கூட்டமாக வீசுவது இதன் இயல்பு. இதனால் பறக்கும் பறவை மீதும் அடி படும். எனினும் ரவையின் வலிமை விரைவில் குன்றிவிடும். ஏறத்தாழ 35, 40 மீட்டர் தொலைவுக்குள் பறவை வந்தாலன்றிப் பயனில்லை. ஆகவே வேடன் பறவையின் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே நின்றாக வேண்டும். இங்கேதான் குழலின் பளபளப்பு இடையூறாகிறது.

தீட்டிய எஃகு தன்மேல் விழும் ஒளியில் பாதிக்கு மேற்பட்டதைத் திருப்பியனுப்பும். தட்டையான கண்ணாடியாயின் ஒரு திசையில் மட்டுமே ஒளியை வீசும். குழலோ உருண்டையானது. அதன்மேல் கதிரவன் ஒளி பட்டால், வளைவின் வெவ்வேறு இடங்கள் பல திசைகளில் நிற்பவர்க்கும் ஒளியை அனுப்பிவிடும். குழலின் நீளம் முழுதும் வெள்ளிக்கோடு போட்டாற்போல் மின்னும். துப்பாக்கியை உயர்த்தும்போது அக்கோடு அசையும். அசையும் ஒளியைக் காணாத பறவை அரிது.

பறவையின் கண்ணமைப்பும் இதற்குத் துணை. மனிதன் கண்ணில் நிறமறியும் உணரிகள் மூவகை. பகற்பறவைகளின் கண்ணில் நான்கு வகை. கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் அவை முன்னும் பக்கமும் ஒருங்கே காணும். காக்கையோ கண்ணோடு நினைவும் மிக்கது. தமக்குத் தீங்கு செய்த மனிதரின் முகத்தைக் காக்கைகள் ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்து, தம் இனத்துக்கும் உணர்த்துகின்றன என்பதை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2006ஆம் ஆண்டு தொடங்கி முகமூடிகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளில் நிறுவினர். அங்கு ஆராயப்பட்டது அமெரிக்கக் காக்கை. ஆயினும் ஆளையும் கையிலுள்ள கோலையும் பிரித்தறியும் கூர்மையைக் கிள்ளான் காக்கையிடமும் காணலாம்.

மங்கச் செய்த வழிகள்

பழங்காலப் படைவீரர் துப்பாக்கிக் குழலை வெள்ளிபோல் பளபளக்க வைத்திருத்தலே ஒழுங்கென்று கருதினர். ஆங்கிலேயப் படையில் செங்கற்பொடியும் எண்ணெயும் கொண்டு குழலைத் தேய்த்து மெருகேற்றும் வழக்கம் இருந்தது. அணிவகுப்புக்கு அழகாயிருந்த அம்மெருகு, மறைந்திருந்து சுடுவோர்க்குக் கேடாயிற்று. 1800ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்ட ஆங்கிலேயத் துமுக்கிப் படையினரின் பேக்கர் துமுக்கிகளுக்குப் பழுப்பேற்றிய குழல்களே அமைக்கப்பட்டன. வேட்டைக்காரரும் அம்முறையையே விரும்பினர்.

பழுப்பேற்றுதல் வியப்பான தொழில். குழலின் எண்ணெய்ப் பசையை முற்றும் நீக்கி, அமிலமும் உப்பும் கலந்த நீரைத் தடவி, ஈரக்காற்றில் வைப்பர். மெல்லிய துரு படியும். அதைத் தேய்த்து, மீண்டும் தடவி, மீண்டும் துருப்பிடிக்கச் செய்வர். பலமுறை இவ்வாறு செய்தபின் செம்பழுப்பு நிறம் நிலைக்கும். இடையிடையே கொதிநீரில் இட்டால் அத்துரு கருநிறமாக மாறும். அதுவே கருநீலம் ஏற்றுதல். துருவைக் கொண்டே பின்வரும் துருவைத் தடுக்கும் உத்தி இது. இங்கிலாந்தில் இதற்கெனத் தனியே ஈர அறை அமைத்தனர். கிள்ளானின் காற்றோ இயல்பாகவே ஈர அறைக்கு நிகரானது.

குழலின் மேற்புறத்தில் குறி பார்ப்பதற்கென ஒரு நீண்ட பட்டை உண்டு. இலண்டன் நகரத் துப்பாக்கி வினைஞர் சோசப் மாண்டன் 1806இல் உயர்த்திய பட்டைக்குக் காப்புரிமை பெற்றார். பட்டை மெருகாயிருந்தால் வெயில் வேடனின் கண்ணிலேயே தெறித்துக் குறியைக் குலைக்கும். எனவே பட்டையின் மேல் அரத்தால் நெருக்கமான நுண்வரிகளைக் கீறினர். ஒழுங்கற்ற பரப்பில் விழும் ஒளி ஒருமுகமாகத் திரும்பாமல் பலவாறு சிதறும். பரப்பு மங்கலாகத் தோன்றும். பறவையின் கண்ணுக்கு மறைப்பதும் வேடனின் கண்ணைக் காப்பதும் ஆகிய இரண்டிற்கும் அடிப்படை இந்த ஒன்றே.

1906இல் இங்கிலாந்தில் தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் என்பார் பாஸ்பரிக் அமிலத்தால் இரும்பின்மேல் காப்புப்பூச்சு உண்டாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்த சாம்பல்நிறப் பூச்சு, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கலங்களில் பெரிதும் இடம்பெற்றது. அது மெருகற்றது, எண்ணெயைத் தன்னுள் பிடித்து வைப்பது. கையில் வேறு வசதியில்லாத வேடர் குழலின் மேல் மங்கல் நிறத் துணியையோ நாடாவையோ சுற்றிக் கொள்வதும் உண்டு.

மலாயா போன்ற மழைநாட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. துருவுக்கு அஞ்சிக் குழலில் எண்ணெயைத் தாராளமாகத் தடவுவர். எண்ணெய்ப் படலமோ மங்கிய குழலையும் மின்னச் செய்யும். ஆதலின் வேட்டைக்குப் புறப்படுமுன் தோட்டாக்களை நீக்கி, குழலின் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, வீடு திரும்பியதும் மீண்டும் எண்ணெய் தடவுவதே முறை. காக்கைகள் கூட்டமாக அடையும் அந்தி வேளையில் இது இன்னும் இன்றியமையாதது. அப்போது கதிரவன் தாழ்ந்திருப்பதால் ஒளி படுக்கையாக வந்து குழலில் தெறிக்கும்.

மறைத்தும் தீராதது

இவ்வளவு நுணுக்கமும் வேடனுக்கு முதல் வெடியை மட்டுமே உறுதிசெய்கின்றன. முதற் காக்கை விழுந்த கணமே மற்றவை கரைந்து கூட்டத்தை எழுப்பிவிடும். எஃகின் மின்னலை மறைக்கலாம். வெடியோசையையும் விழுந்த துணையையும் காக்கையிடமிருந்து மறைத்தல் இயலாது. அடுத்த நாள் அவ்விடத்தை விட்டு வேறு மரத்தில் அடையும். மக்கள் நெருங்கி வாழும் ஊரில் எல்லாத் திசையிலும் சுடவும் முடியாது. அண்டை நாடான சிங்கப்பூரிலும் பல்லாண்டுகள் துப்பாக்கியால் காக்கைகளைக் குறைத்தனர். ஆயினும், கிடைக்கும் உணவைக் கட்டுப்படுத்தாமல் சுடுதல் ஒன்றே போதாது என்பதே அங்கும் பெற்ற படிப்பினை. நூறு காக்கை விழுந்தாலும், நூறு காக்கைக்குரிய உணவு தெருவில் கிடந்தால், அவ்விடம் வெற்றிடமாக இராது.

அப்படியாயின் அமாவாசைச் சோறு குற்றமா என்னும் ஐயம் எழலாம். ஒரு பிடி சோறு காக்கைக் கூட்டத்தை வளர்ப்பதில்லை. அது வைத்த சிறு பொழுதில் தீர்ந்துவிடும். காக்கையை வளர்ப்பது மூடாத குப்பைத் தொட்டியும், சந்தைக்குப் பின்னே குவியும் கழிவும், உணவுக் கடையருகே ஓடும் திறந்த சாக்கடையுமே. பக்தியோடு அளந்து வைத்தது ஒரு பிடி. கவனமின்றிக் கொட்டுவது வண்டி வண்டியாக.

திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் வகுப்பில் ஓர் இன்பம் காண்பதுண்டு. ‘துப்பாக்கி’ என்னும் சொற்கோவை அங்கே வருகிறது. அது சுடுகருவியன்று, துப்பு, ஆக்கி எனப் பிரிந்து, ‘உணவை உண்டாக்கி’ எனப் பொருள்படும். கிள்ளான் காக்கையின் வரலாறும் இச்சொல்லின் இருபொருளுக்குள் அடங்கிவிடுகிறது. புழுவாகிய உணவை நம்பி மனிதன் அதனைக் கடல் கடத்தினான்; கழிவாகிய உணவால் அதனைப் பெருக்கினான்; பின்னர்ச் சுடுகருவியை எடுத்து, அதன் மின்னலையும் மறைத்து, அதனைக் குறைக்க முயன்றான். துப்பினால் வந்த பறவை துப்பினாலேயே அளவில் நிற்கும். குழலின் பளபளப்பை மங்கச் செய்யும் கலை வேடனுக்கு வேண்டுவது. தெருவைப் பளபளக்கச் செய்யும் கடமையோ ஊரார் அனைவர்க்கும் உரியது.