ஸுபைர் (ரலி) அவர்களின் கடனும் மகன் கேட்ட துஆவும்

ஹிஜ்ரி 36ஆம் ஆண்டு (கி.பி. 656) பஸ்ராவுக்கு அருகே ஜமல் போர் நடந்த நாளில், ஸுபைர் பின் அவ்வாம் (ரலி) அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ்வை அருகே அழைத்தார்கள். இன்று தாம் அநீதியாகக் கொல்லப்படுவோம் என்றே தோன்றுவதாகவும், தம்முடைய பெருங்கவலைகளுள் ஒன்று தம் கடன்தான் என்றும் கூறினார்கள். சுவன நற்செய்தி பெற்ற பதின்மருள் ஒருவர். பத்ரிலும் உஹதிலும் வாளேந்தி நின்றவர். மரணம் எதிரே நிற்கும் வேளையில் அவர்களை வாட்டியது, பிறருக்குத் திருப்பித் தர வேண்டிய பொருள்.

அவர்கள் பயன்படுத்திய சொல் ‘ஹம்மு’. நடந்து முடிந்ததற்காக வருந்துவதை அரபியில் ‘ஹஸன்’ என்பர். வரவிருப்பதை எண்ணி நெஞ்சு அலைக்கழிவது ‘ஹம்மு’. பிள்ளையின் படிப்பு, மகளின் நிக்காஹ், கட்ட வேண்டிய தவணை என்று இரவில் நம்மைப் புரட்டிப் போடுவது அதுவே. கைபர் பயணத்தின்போது பணிவிடைக்குச் சென்ற சிறுவர் அனஸ் (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி ஓதக் கேட்டதாக அறிவிக்கும் துஆவிலும் இச்சொல்தான் முதலில் வருகிறது. கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடன்சுமை, மனிதர்களின் ஆதிக்கம் ஆகிய எட்டிலிருந்தும் பாதுகாவல் தேடும் துஆ அது. நம்மில் பலருக்கு மனப்பாடம். எனினும் கவலையை அடுத்து இயலாமையும் சோம்பலும் ஏன் வருகின்றன என்று நாம் நின்று யோசிப்பதில்லை. கவலை முற்றினால் கை ஓய்ந்துவிடுகிறது. கை ஓய்ந்தால் கவலை இன்னும் பெருகுகிறது. ஸுபைர் (ரலி) அவர்களின் வீட்டில் நடந்ததை இதை மனத்திற்கொண்டு படிக்க வேண்டும். ஸஹீஹுல் புகாரியில் அதை விரிவாக அறிவிப்பவர் அந்த மகனேதான்.

அக்கடன் ஆடம்பரத்தால் வந்ததன்று. மக்கள் தங்கள் பணத்தை அமானத்தாக வைக்க வருவார்கள். அது தொலைந்துவிடுமோ என்று அஞ்சி, ‘அமானத்தாக வேண்டாம், கடனாகத் தாருங்கள்’ என்பது ஸுபைர் (ரலி) அவர்களின் வழக்கம். அமானத்துப் பொருள் கவனக்குறைவின்றித் தொலைந்தால் வைத்திருந்தவர் பொறுப்பாளி ஆகமாட்டார். கடன் எந்நிலையிலும் திருப்பித் தரப்பட வேண்டும். பிறர் பொருளுக்குத் தாமே முழுப் பிணை நின்றார்கள். ஆட்சிப் பதவியோ வரி வசூலிக்கும் பொறுப்போ அவர்கள் ஒருபோதும் ஏற்றதில்லை. இப்படிச் சேர்ந்த தொகையை மகன் கணக்கிட்டபோது 22 இலட்சம் இருந்தது. விட்டுச்சென்ற சொத்தில் ரொக்கம் இல்லை. ஃகாபா என்னும் நிலம் உள்ளிட்ட நிலங்களும், மதீனாவில் 11, பஸ்ராவில் 2, கூஃபாவில் 1, எகிப்தில் 1 என வீடுகளுமே இருந்தன.

கடனை அடைக்க முடியாமல் போனால் தம் ‘மவ்லா’விடம் உதவி தேடும்படி தந்தை வஸிய்யத் செய்திருந்தார்கள். மவ்லா என்ற சொல்லுக்கு எஜமானர், உற்ற பாதுகாவலர் எனப் பல பொருளுண்டு. யாரைச் சொல்கிறார்கள் என்று மகனுக்கு விளங்கவில்லை. கேட்டபோது, அல்லாஹ் என்று விடை வந்தது. அதன்பின் கடன் விஷயத்தில் நெருக்கடி வந்தபோதெல்லாம், ஸுபைரின் எஜமானனே என்று அழைத்து, அவர் கடனை அடைக்குமாறு இறைஞ்சியதாகவும், அல்லாஹ் அடைத்துக் கொடுத்ததாகவும் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் சொல்கிறார்கள். நீண்ட வாசகமன்று, தந்தையின் பெயரைச் சொல்லி, அவர் நம்பியவனிடமே கேட்ட ஒரு வரி.

துஆவுக்கும் துஆவுக்கும் இடையில் நடந்தவை கவனிக்கத் தக்கவை. ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள், பெரிய தந்தை முறை, கடன் எவ்வளவு என்று விசாரித்தார்கள். மகன் மறைத்து, ஒரு இலட்சம் என்றார்கள். உள்ளதில் ஒரு பகுதியைச் சொல்லி மீதியைச் சொல்லாமல் விட்டார்கள், பொய்யுரைக்கவில்லை என்பது விரிவுரையாளர்களின் விளக்கம். கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்ல நேர்கிறது, வாக்களித்தால் மாறு செய்ய நேர்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். கடனைச் சொல்லக் கூச்சப்படுவது யாருக்கும் இயல்பே. ஒரு இலட்சத்தையே உங்கள் சொத்து தாங்காது என்று ஹகீம் (ரலி) கருதவே, 22 இலட்சம் என்றால் என்ன சொல்வீர்கள் என்று மகன் உண்மையைத் திறந்துவிட்டார்கள். இயலாமற் போனால் தம்மிடம் வரும்படி அப்பெரியவர் கூறினார்கள்.

ஸுபைர் (ரலி) அவர்கள் 1,70,000க்கு வாங்கிய ஃகாபா நிலத்துக்கு மகன் 16 இலட்சம் விலை வைத்து, கடன் கொடுத்தவர்கள் அங்கே வந்து சேரட்டும் என அறிவித்தார்கள். 4 இலட்சம் வரவேண்டியிருந்த அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அவர்கள், விரும்பினால் அதை விட்டுத் தருவதாகவே சொன்னார்கள். மகன் ஏற்கவில்லை. கடைசியாகத் தரலாமே என்றதற்கும் இணங்கவில்லை. நிலத்தில் 4 பங்கை அளந்து கொடுத்துவிட்டார்கள். ‘தள்ளுபடி கிடைத்தால் போதும்’ என்றிருக்கும் நமக்கு இந்த இடம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். பின்னர் முஆவியா (ரலி) அவர்களிடம் சென்றபோது நாலரைப் பங்கு எஞ்சியிருந்தது. அவையில் இருந்த மூவர் ஆளுக்கொரு பங்கை ஒரு இலட்சத்துக்கு வாங்க, மீதி ஒன்றரைப் பங்கை முஆவியா (ரலி) ஒன்றரை இலட்சத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

கடன் தீர்ந்ததும் உடன்பிறந்தோர் வாரிசுரிமையைப் பிரிக்கச் சொன்னார்கள். அப்துல்லாஹ் (ரலி) மறுத்துவிட்டார்கள். ஜனாஸாத் தொழுகையின்போது, மர்ஹூம் யாருக்கேனும் கடன் தர வேண்டுமானால் வாரிசுகளிடம் சொல்லுங்கள் என்று நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ஒரு நிமிடம் அறிவிப்பார்கள். அவர்களோ நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு ஹஜ் காலத்திலும் அதை அறிவித்தார்கள். அதன் பிறகே மூன்றிலொரு பாகத்தை வஸிய்யத்துக்காக ஒதுக்கிவிட்டுப் பங்கிட்டார்கள். ஸுபைர் (ரலி) அவர்களின் நான்கு மனைவியருக்கும் தலைக்கு 12 இலட்சம் கிடைத்தது.

மொத்தச் சொத்து 5 கோடியே 2 இலட்சம் என்று அறிவிப்பு கூறுகிறது. மனைவியரின் பங்கிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், கடனையும் சேர்த்து 5 கோடியே 98 இலட்சம் வருகிறது. இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் பாரியில் இதை நீண்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, திம்யாதீ (ரஹ்) அவர்களின் விளக்கத்தையும் தருகிறார்கள்: முதல் தொகை இறந்த நாளில் இருந்த மதிப்பு, கூடுதலாக வரும் 96 இலட்சம், கடன்காரர்களுக்காகக் காத்திருந்த அந்த நான்கு ஆண்டுகளில் சொத்து தந்த வளர்ச்சி.