எருக்கந்தூணும் திரும்பிய நந்தியும்: வடதிருமுல்லைவாயில் தலக்கதை வளர்ந்த விதம்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே, நெடுஞ்சாலைப் பேருந்தின் நடத்துநர் 'வாயல், வாயல்' என்று குரல் கொடுக்கும் நிறுத்தத்தில் இறங்கி உள்ளே நடந்தால் மாசிலாமணீசுவரர் கோயில். முதல்முறை வருபவரை அங்கே மூன்று காட்சிகள் தடுத்து நிறுத்தும். சிவன் கோயில்களில் வழக்கமாக இறைவனையே பார்த்துக் கிடக்கும் நந்தி, இங்கே முதுகைக் காட்டிக் கிழக்கே பார்க்கிறது. லிங்கத் திருமேனி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறது. சித்திரைச் சதயத்தில் மட்டுமே அது களையப்படும். கருவறைக்கு முன்னால் நிற்கும் இரண்டு தூண்களை, வெள்ளெருக்கில் ஆனவை என்று காட்டுகிறார்கள். எருக்கு என்பது வேலியோரத்துச் செடி; இரண்டு ஆள் உயரம் வளர்ந்தாலே பெரிது. கற்பூர ஆரத்தியின் வெளிச்சம் நகரும்போது கூட்டத்தில் பாதிப் பேர் சாமியை விட்டுவிட்டுத் தூணை அண்ணாந்து பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

இம்மூன்றுக்கும் ஊர்ப்பெயருக்கும் சேர்த்து விடை சொல்கிறது தலக்கதை. தொண்டைமான் என்னும் அரசன் புழல் கோட்டையில் இருந்த குறும்பர்கள்மேல் படையெடுத்தான். ஓணன், காந்தன் என்பவர்கள் அவர்களுடைய தலைவர்கள். போரில் தோற்று மீண்ட அரசனின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. வாளை உருவிக் கொடியை வெட்டினான். வெட்டு, அடியில் மறைந்திருந்த லிங்கத்தில் பட்டுக் குருதி பெருகியது. பதறிய அரசன் தன் தலையையே அரியத் துணிந்தபோது இறைவன் வெளிப்பட்டு, வெட்டுப்பட்டும் தான் மாசு இல்லாத மணியே என்று சொல்லித் தேற்றி, துணைக்கு நந்தியை அனுப்பினார். குறும்பர் வீழ்ந்தனர். அவர்கள் கோட்டையிலிருந்து கொண்டுவந்த எருக்கந்தூண்களைக் கோயிலில் நட்டான் அரசன். போருக்குக் கிளம்பிய நந்தி அந்த நிலையிலேயே நின்றுவிட்டது. வெட்டுக்காயம் ஆற இன்றைக்கும் சந்தனம்.

எதையும் மிச்சம் வைக்காமல் பொருந்துகிற கதை. அந்தப் பொருத்தமே ஆராய்கிறவரை உஷார்ப்படுத்த வேண்டும். இதன் எல்லாப் பகுதிகளும் ஒரே காலத்தில் பிறந்தவைதாமா?

நமக்குக் கிடைக்கும் பழைய சான்று சுந்தரருடையது. பொதுவாக 8ஆம் நூற்றாண்டில் வைக்கப்படும் அவர், திருவொற்றியூரில் மணந்த சங்கிலியாருக்குப் பிரியேன் என்று கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்டுக் கண்பார்வையை இழந்த பிறகு இங்கே வந்தார். அப்போது பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. துயரைக் களைய வேண்டும் என்று பாட்டுக்குப் பாட்டு மன்றாடும் அந்தப் பதிகத்தின் பத்தாம் பாடலில் தொண்டைமான் வருகிறான். அவனுடைய களிற்றை முல்லைக்கொடியால் கட்டிப்போட்டு, அவன் அளவில்லாத இன்பம் பெறும்படி வெளிப்பட்டவர் என்று இறைவனை அழைக்கிறார் சுந்தரர். இவ்வளவுதான் செய்தி. அந்தப் பாட்டில் வாள் இல்லை, குருதி இல்லை, குறும்பர் இல்லை, புறப்பட்ட நந்தி இல்லை, எருக்கந்தூணும் இல்லை. யானையைக் கட்டியவரே இறைவன். அரசனுக்குக் கிடைத்தது இன்பம். பிற்காலக் கதையில் அந்த இடத்தைப் பிடித்திருப்பதோ பெருங்குற்றமும் பதற்றமும்.

இந்த வேறுபாட்டை உரையாசிரியர்கள் பெரும்பாலும் தலக்கதையைக் கொண்டு நிரப்பிப் படித்துவிடுகிறார்கள். அப்படிப் படிப்பது பதிகத்துக்குச் செய்யும் அநீதி என்று கருதுகிறேன். சுந்தரர் சொல்லாததை அவர் வாயில் திணிக்கத் தேவையில்லை, சொன்னதே பெரிது. யானை, முல்லை, தொண்டைமான் ஆகிய மூன்றும் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூரின் நினைவில் இருந்திருக்கின்றன. ஒரு புறநகர்ப் பெயர்க்கதைக்கு இத்தனை பழமையான எழுத்துச் சான்று அரிது.

வாள்வெட்டு எங்கிருந்து வந்தது? அது இவ்வூருக்கு மட்டும் உரியதல்ல. சீர்காழிக்குக் கிழக்கே, சம்பந்தர் பாடிய தென்திருமுல்லைவாயிலில் கிள்ளிவளவனைப் பற்றி இதே கதை வழங்குகிறது. அங்கே முல்லையில் சிக்கியது குதிரையின் குளம்பு. கொடியை வெட்டியதும் லிங்கத்தில் குருதி. திருவள்ளூர் அருகே திருப்பாசூரில் முல்லைக்குப் பதில் மூங்கில், வாளுக்குப் பதில் வாச்சி. காயம்பட்ட லிங்கம் என்னும் கூறு தமிழ்நாட்டுத் தலபுராணங்கள் பலவற்றில் திரும்பத் திரும்ப வருவதை டேவிட் ஷுல்மன் 1980இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆகவே, ஊர்தோறும் உலவிய ஒரு கதைக்கூறு இங்கே ஏற்கனவே இருந்த யானைக் கதையோடு ஒட்டிக்கொண்டது என்று கொள்வதே பொருத்தம். வட, தென் முல்லைவாயில்களின் பெயர் ஒன்றாக இருந்தது ஒட்டுதலை எளிதாக்கியிருக்கும். படரக் கொழுகொம்பில்லாத முல்லைக்குத் தேரையே விட்டுவந்த பாரியைப் போற்றுகிற தமிழ் மரபில், முல்லையை வெட்டிய அரசனுக்குக் குற்றவுணர்ச்சி வருவது இயல்பாகவும் படுகிறது.

குறும்பர் படலம் தனி அடுக்கு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சியின் உதவியாளர்கள் தொண்டை மண்டலத்தில் திரட்டிய சுவடிகளில் அது விரிவாகக் கிடைக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் குஸ்தவ் ஓப்பெர்ட் 1893இல் வெளியிட்ட நூலிலும் புழல் குறும்பர் வரலாறு பேசப்படுகிறது. அங்கே அரசனின் பெயர் ஆதொண்டை; குலோத்துங்க சோழனின் மகன். முதலாம் குலோத்துங்கன் ஆண்டது 1070 முதல் 1120 வரை. அவன் மகனுக்கு நடந்ததை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் சுந்தரர் பாடியிருக்க முடியாது. பழைய தொண்டைமானின் மேல் பிற்காலத்தார் சோழ வம்சத்தை ஏற்றியிருக்கிறார்கள். குறும்பரின் சமயத்திலும் ஒற்றுமை இல்லை: கோயில் வழக்கில் அவர்கள் பைரவரை வணங்கியவர்கள், மெக்கன்சி சுவடி வழக்கில் சமணர்கள். புழலில் பழைய ஆதிநாதர் சமணக் கோயில் இன்றும் இருப்பதால் இரண்டாவதை எளிதில் ஒதுக்க முடியவில்லை.

இந்த அடுக்கில்தான் எருக்கந்தூண் வருகிறது. ஒருவர் குடி கெட வேண்டுமென்றால் 'உன் வீட்டில் எருக்கு முளைக்க' என்று சபிப்பது நம் வழக்கு. பாழடைந்த இடத்தின் அடையாளம் அந்தச் செடி. ஆனால் புல்லிய எருக்கைக் கொடுத்தாலும் கடவுள் வேண்டாமென்பதில்லை என்று புறநானூற்றில் கபிலர் சொல்கிறார். வெள்ளெருக்கு சிவனுக்கு உகந்த பூவுமாயிற்று. கதையின்படி குறும்பர் கோட்டை பாழாயிற்று. அங்கிருந்து வந்தது எருக்கு. பாழின் செடி கருவறை வாசலில் தூணாக நிமிர்ந்து நிற்கிறது. இரு பொருளும் ஒன்றாகக் கூடும் இப்படி ஓர் இடத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

ஊர்ப்பெயருக்குத் திரும்புவோம். வாயில் என்பது நுழைவிடத்தையும் குறிக்கும், வெறும் இடத்தையும் குறிக்கும். பக்கத்து மதுரவாயலுக்கும் இதே ஈறு. முல்லை மண்டிய இடம் என்பதால் முல்லைவாயில் என்று கொண்டால் யானையின் உதவி இல்லாமலே பெயர் விளங்கிவிடும். என் துணிபு இது: பெயர் முந்தியது, யானை அடுத்தது, வாள் அதற்குப் பின், குறும்பர் போர் கடைசி. ஆனால் யானைக்கதை ஏன் இங்கே ஊன்றியது என்பதற்குக் கொடிகளிடம்தான் விடை கேட்க வேண்டும். தொண்டைமான் மரபின் பெயரையே, தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடப்பட்ட குழந்தையிலிருந்து வந்ததாகச் சொல்கிறது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தரும் கதை. இங்கே அவன் யானையை மறித்தது முல்லைக்கொடி. அம்மன் பெயர் கொடியிடை நாயகி. கொடியிடை உமையவள் என்ற சொல் சுந்தரர் பதிகத்திலேயே இருக்கிறது. கொடியால் பெயர்பெற்ற அரசனைக் கொடி வளைத்து, கொடியிடையாள் இருக்குமிடத்தில் நிறுத்துகிறது. இதைக் கோத்தவர் யாரானாலும் அவருக்குத் தமிழ்ச் செவி நன்றாக இருந்திருக்கிறது.

கதைக்கு வெளியே, 10ஆம் நூற்றாண்டில் உத்தம சோழனின் தாய் செம்பியன் மாதேவி இக்கோயிலுக்குச் செய்த நிலக்கொடையைக் கல்வெட்டு சொல்கிறது. இன்றும், வெள்ளிக்கிழமையில் பௌர்ணமி வந்தால் காலையில் மேலூர்த் திருவுடையம்மன், நண்பகலில் ஒற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூவரையும் பார்த்துவிடப் பெண்கள் பேருந்து மாறி மாறி ஓடி வருகிறார்கள். அந்த மாலைகளில் பிராகாரம் நிரம்பி வழியும். நந்தியின் காதருகே குனிந்து ஏதோ சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அது மட்டும் யார் பக்கமும் திரும்புவதில்லை. அது பார்க்கும் கிழக்கில், சற்றே வடக்காக, புழல் ஏரி கிடக்கிறது.