ஒண்டிக்குடித்தனத்தில் நடந்த ஆராய்ச்சி

நெசவாளர்களைக் குடியேற்ற 1734-ல் கும்பினியார் உண்டாக்கிய பேட்டை எங்கள் சிந்தாதிரிப்பேட்டை. நான் வளர்ந்தபோது தறிச் சத்தம் ஓய்ந்திருந்தது. ஐயா முதலித் தெருவில் ஒரே வாசல், உள்ளே ஏழெட்டுக் குடித்தனம், எல்லாருக்கும் ஒரு குழாயடி. அந்த மாதிரி வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்றால் தாம்பரம் சானடோரியம்தான் கதி என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல காற்று, சத்தான சாப்பாடு, முழு ஓய்வு வேண்டும் என்பது அன்றைய மருத்துவத்தின் முடிவும்கூட. ஆனால் அத்தனை பேருக்கும் கட்டில் ஏது?

இந்த முடிவைச் சோதித்துப் பார்த்தது சேத்துப்பட்டில், 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம். சென்னை அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நான்கும் சேர்ந்து அமைத்தது. தலைமை டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். நோயாளிகள் 193 பேர். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை. புள்ளியியலாரின் குலுக்கல் தீர்மானித்தது. இரு தரப்புக்கும் ஓராண்டு ஒரே மருந்து: ஐசோனயசிட், பாஸ்.

மருத்துவர், கிருமியியலாளர், உயிர்வேதியியலாளர், புள்ளியியலாளர் என்று பலரும் கூடி உழைத்தார்கள். என்னைக் கேட்டால், அத்தனை பேரின் வேலைக்கும் அச்சாணி வீடு தேடிப் போன ஹெல்த் விசிட்டர்தான். முன்கூட்டிச் சொல்லாமல் போவார். மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணுவார். சிறுநீர் வாங்கி வருவார். அதில் பாஸ் இருக்கிறதா என்று ஆய்வுக்கூடம் பார்த்துவிடும். கணக்கு சரியாக இருந்து சிறுநீரில் மருந்து இல்லையென்றால், மாத்திரை வேறெங்கோ போயிருக்கிறது. இது தெரியாமல், மருந்து தோற்றதா, நோயாளி விழுங்கவில்லையா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அதுவும் பத்துக் கண்கள் பார்க்கிற ஒண்டிக்குடித்தனத்தில், கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் குடும்பத்திடம் இதையெல்லாம் கேட்டு வாங்குவதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். அதை நான் ஆய்வுக்கூடத் திறமைக்கு ஒரு மாற்றும் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

1959-ல் முடிவு வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, இடம் நெருக்கடி, ஓய்வும் போதாது. அப்படியிருந்தும் வித்தியாசம் அவ்வளவுதான். கட்டுரையின் ஆசிரியர் என்று தனி மனிதர் யாருமில்லை. மையத்தின் பெயரில் அச்சானது. அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களின் பயம் வேறு: பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமே? அதற்குப் பதில் சொல்ல அந்தக் குடும்பங்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. 1966-ல் அதுவும் வெளியானது. வீட்டிலேயே வைத்துப் பார்த்ததால் கூட இருந்தவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. தொற்றியதெல்லாம் பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே தொற்றியது.